இயல்பைவிடக் குறைவு

கண்ணாடியில் பார்த்தால் தமிழ்நாடு திரும்பிக் கிடக்கிறது. கடல் இடது பக்கம் வந்துவிட்டது, மலை வலது பக்கம் போய்விட்டது. டி.வி. என் முதுகுக்குப் பின்னால் சுவரில் உயரத்தில் இருக்கிறது, நான் எதிரே கண்ணாடியில் அதைப் பார்க்கிறேன், அதனால்தான் இப்படி. படம் முழுக்கச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். சில இடத்தில் செங்கல் சிவப்பு, சில இடத்தில் மிளகாய் வற்றல் சிவப்பு. எங்கள் மாவட்டம் எந்தச் சிவப்பில் இருக்கிறது என்று தேடினேன். திருப்பிப் போட்ட படத்தில் முதலில் மதுரையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வழக்கத்துக்கு மாறாக இடது பக்கம் வரவேண்டும். வந்துகொண்டிருக்கும்போதே முடிதிருத்துகிற தனுஷ்கோடி தாடையில் இரண்டு விரலை வைத்து என் முகத்தை மேலே தூக்கிவிட்டான். இப்போது எனக்கு மின்விசிறியும் அதன் இறக்கைகளில் படிந்திருக்கும் கறுப்பும் மட்டும்தான் தெரிகின்றன. கேட்கத்தான் முடியும். இந்தக் கோடையில் பகல் நேர வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்கும் என்கிறாள் அந்தப் பெண். தென் மாவட்டங்களில் கோடை மழை இயல்பைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு உள்ளது என்கிறாள். வாய்ப்பு. நல்ல காரியத்துக்குச் சொல்கிற சொல்லை எதற்கெல்லாம் எடுத்துப் போடுகிறார்கள். கண்மாய்கள், ஏரிகளின் நீர் இருப்பு வேகமாகச் சரியும் என்றும் சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. அவள் எந்தக் கண்மாயையும் பார்த்திருக்க மாட்டாள். பிரஷ் கன்னத்தில் பட்டது, நுரை குளிர்ச்சியாக இருந்தது, அந்தக் குளிர்ச்சிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே கிடக்கலாம் என்று இருந்தது.

வெயில் கூடினால் எனக்கு நல்லதுதான். மாவு மில் வைத்திருக்கிறவனுக்கு மாசியிலிருந்து வைகாசி வரைதான் பிழைப்பு. மிளகாய் காயும், மல்லி காயும், மாடிகளில் எல்லாம் வெள்ளை வேட்டி விரித்து மஞ்சள் காயப் போடுவார்கள், காய்ந்ததும் தூக்குவாளியோடும் சாக்கோடும் என் வாசலில் வந்து நிற்பார்கள். கோடையில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் மிளகாயில் பூசணம் பூத்துவிடும், மில்லில் பெல்ட் ஓடாது. என் அப்பா காலத்தில் சித்திரை மாதம் வானத்தில் மேகம் கண்டால் மில்லுக்குள்ளிருந்து வெளியே வந்து நின்று அதைத் திட்டுவார். நான் மழை வேண்டும் என்று இருக்கிறேன். ஆறரை மணிச் செய்தியில் கடைசியாக வானிலை வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். வங்கக் கடலில் எங்கேயோ காற்றழுத்தம் என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்குகிறது. என் வீட்டுக்காரி அன்னக்கொடி ஒரு நாள் கேட்டாள், மில்லுக்காரகளுக்கு மழையில என்ன வேலை என்று. சும்மா என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்மாயில் தண்ணீர் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். நிறைய வேண்டாம். அடி தெரியாத அளவுக்குக் கிடந்தால் போதும். என் மகன் சௌந்தரு காணாமல் போன அந்த ஐப்பசியிலிருந்து இந்தக் கண்மாய் அடி தெரிய வற்றியதே இல்லை, ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு மழை வந்து காப்பாற்றிவிட்டது. காப்பாற்றியது என்ற சொல் சரியா. யாரை. அதற்கு மேலே நான் போவதில்லை. அதற்கு மேலே போனால் கருவேல மரங்கள் வந்துவிடும்.

இயல்புன்னா எதுங்கறேன், என்று பெஞ்சில் இருந்து பாண்டிக்கண்ணு கேட்டான். ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். ஊர் முழுக்க அவனிடம் சண்டை போட்டுப் போட்டு, எதற்கும் ஒரு கிண்டல் சொல்லிவிடும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. காய்ஞ்சு கெடக்கிறதுதான் நம்மூருக்கு இயல்பு, இவுக என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்றாக என்றான். தனுஷ்கோடி, வெயில் ஏறட்டும், ஊரே மொட்டை போட என் கடைக்கு வந்துரும் என்றான். ஆமா, ஒனக்கு மொட்டை, எனக்கு வசவு, என்றான் பாண்டிக்கண்ணு. பெஞ்சில் இன்னொரு ஆள் இருக்கிறார், பேப்பருக்குப் பின்னால். தெற்குத் தெருச் செல்லையாவாக இருக்கும், இருமல் அவருடையது. அவர்தான் பேப்பரை இறக்காமலே ஆரம்பித்தார். மடைக்குக் கீழே படி எல்லாம் வெளியே தெரிஞ்சுபோச்சாமே என்றார். நேத்துத் தெரிஞ்சுச்சு, இன்னைக்கு அதுல உக்காந்து சீட்டு வெளையாடுறாய்ங்க, என்றான் பாண்டிக்கண்ணு. அப்போ இந்த வருஷம் கண்டிப்பா அழிச்சுருவாக, விரால் இம்புட்டு இம்புட்டு கெடக்காம், வருஷக்கணக்காத் தின்னு கொழுத்துருக்கும்ல, தின்னு, என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். பேப்பர் சரசரவென்று மடங்கியது. செல்லையா அவன் தொடையில் தட்டியிருக்க வேண்டும். தனுஷ்கோடியின் விரல்கள் என் கன்னத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி நுரையைத் தேய்த்தன. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மௌனம் எனக்குப் பழக்கம். டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில். நான் உள்ளே வரும்போது கண்மாய் பற்றிய பேச்சு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். நானாக ஏதாவது பேசி அதை வெளியே விட வேண்டும். த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வருதாம் என்றேன். சாயங்காலம்தான் மாமா என்றான் பாண்டிக்கண்ணு, ரொம்பப் பணிவாக. த்ரீ பேஸ் இல்லாததால்தான் மில்லைப் பூட்டிவிட்டுச் சவரத்துக்கு வந்தேன். வந்திருக்க வேண்டாம்.

அழிகண்மாய் என்றால் வெளியூர்க்காரர்கள் பயந்துவிடுவார்கள். கண்மாயை எதுவும் செய்வதில்லை. கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வரும்போது ஊர் கூடி ஒரு நாள் குறிக்கும். அன்று விடியற்காலையில் சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் சனம் வந்து கரையைச் சுற்றி நிற்கும். ஊர்த்தலைவரான அம்பலம் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுத் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வீசுவார். அதற்கு முன்னால் ஒரு கால்கூட தண்ணீரில் படக்கூடாது. வீசியதும் ஓ என்று எல்லாரும் இறங்குவார்கள், ஆண், பெண், பிள்ளைகள், கச்சாவும் வலையும் சேலைத் துணியும் ஊத்தாவும் வைத்துக்கொண்டு. பிடிக்கிற மீனை விற்கக்கூடாது, வீட்டுக்குத்தான். அன்று மத்தியானம் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே வாசனை. சௌந்தரு இடுப்புயரம் இருக்கும்போது அவனை இறக்கிவிட்டேன். ஊத்தா அவனைவிடக் கொஞ்சம்தான் சின்னது. இரண்டு பக்கமும் திறந்த கூடை அது, கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல், சேற்றில் ஓங்கிக் குத்தினால் உள்ளே மீன் அகப்பட்டால் துள்ளுவது கைக்குத் தெரியும், உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். அவன் கையை விடவே பயந்தான். பாம்பு இருந்தா என்றான். பாம்பு இருந்தா அது ஒன்னையப் பார்த்துப் பயப்படும், கையை விடு என்றேன். தோள்வரை விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு துழாவினான். தண்ணீர் கலங்கிக் காப்பி மாதிரி இருக்கும், எதையும் பார்க்க முடியாது. கைதான் பார்க்கும். ஆயிரம் பேர், இரண்டாயிரம் கை, ஒரு முழம் விடாமல் அடிச்சேறு முழுவதையும் துழாவுவார்கள். கைக்கு எது தட்டுப்படுகிறதோ. வழுவழுப்பாக. அல்லது வழுவழுப்பாக இல்லாமல். தனுஷ்கோடி கத்தியில் புது பிளேடு மாற்றுகிற சத்தம் கேட்டது. என் கால் நாற்காலியின் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது, நிறுத்தினேன்.

சௌந்தரு சைக்கிளைப் பூட்டியிருந்தான். அதில்தான் நான் வந்து வந்து இடிக்கிறேன். கரை வளைவில் பஸ் நிற்கிற இடம் இருக்கிறது, ஒரு புளியமரம், ஒரு சிமெண்டு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் சாய்த்துப் பூட்டியிருந்தான். அங்கிருந்து இந்தப் பக்கம் பத்து எட்டு வைத்தால் ரோடு, அந்தப் பக்கம் பத்து எட்டு வைத்தால் கலுங்கு. அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தது, ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, ஊரே போய்ப் பார்த்தது, நான்கூட மில்லைப் பூட்டிவிட்டுப் போனேன். சாவப் போகிறவன் சைக்கிளைப் பூட்டமாட்டான் என்று ஏட்டு சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, அன்று ராத்திரி முழுக்க அதை வைத்துக்கொண்டு கிடந்தேன். விடிந்தபோது, ஊரைவிட்டுப் போகிறவனும் பூட்டமாட்டானே என்று தோன்றிவிட்டது. பூட்டியவன் திரும்பி வரத்தான் பூட்டினான். தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர. அல்லது சிவகங்கை வரை போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வர. எங்கே என்றுதான் தெரியவில்லை. வீட்டில் சண்டை இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸ் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான், அதற்காக நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால்கூட இதனால்தான் என்று ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்று காலையில் இட்லி தின்றான், மில்லில் ஜல்லடை மாற்ற உதவினான், கையில் மாவோடு போனான். கண்டக்டரிடம் போட்டோவைக் காட்டினேன். ஏறுன மாதிரியும் இருக்கு என்றார். அந்த ம் எனக்கு இன்னும் காதுக்குள் இருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்து தேடினார்கள். உள்ளே காடு மாதிரி கருவேல மரம் மூழ்கிக் கிடக்கிறது, கயிறு சிக்குது, அதற்கு மேல் எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூணு நாளில் மிதந்துரும் என்றார் ஏட்டு. மூன்று நாள் நான் கரையிலேயே இருந்தேன். மிதக்கவில்லை. மிதக்காததற்கு இல்லை என்று அர்த்தம். அல்லது முள்ளில். சரி. போதும்.

கத்தி காதுக்குக் கீழே வைத்து இறங்கியது. அசையாதீகண்ணே என்றான் தனுஷ்கோடி. அசையவில்லை. அன்னக்கொடிக்காகத்தான் நான் இவ்வளவும் யோசிக்கிறேன். நான் ஆண்பிள்ளை, எப்படியாவது இருந்துகொள்வேன், மில் சத்தத்தில் எதுவும் கேட்காது, மிளகாய் நெடியில் கண் எந்நேரமும் சிவந்தே இருக்கும், மில்லுக்காரன் கண் சிவந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவளுக்கு அந்த வசதி இல்லை. அவள் அவனுடைய போன் நம்பரை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறாள். கெடு முடியும்போதெல்லாம் கடைக்குப் போய் ரீசார்ஜ் பண்ணிவிட்டு வருகிறாள். கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றுதான் வரும், அது வரவேண்டும், வேறு யாரோ எடுத்து அலோ என்று சொல்லிவிடக்கூடாது. கடைக்காரப் பையனிடம், திருப்பூர்ல இருக்கான், டவர் கெடைக்கலையாம் என்று அவள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் அப்படி இருக்கிறாள். பஸ்ஸில் ஏறிப்போன பிள்ளையின் தாயாக இருக்கிறாள். அதை யாரும் கையைவிட்டுத் துழாவக்கூடாது. கண்மாய் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. கரை வழியாகப் போகிற பஸ்ஸில் போனால் அவள் ரோட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள், அதனால் நானும் அந்தப் பக்கமே பார்ப்பேன். தொண்டியில் இருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவன் தெருவுக்குள் ஹாரன் அடித்ததும் இவள் போய் நின்று, கடல் மீன்தானே என்று கேட்பாள். அவன் விற்பது எல்லாம் கடல் மீன்தான், சங்கராவும் நகரையும் முகத்தைப் பார்த்தாலே தெரியும், இவளுக்குத் தெரியாதா. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்பாள். முதலில் அவன் சிரித்தான். பிறகு ஊரில் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், இப்போது அவள் கேட்பதற்கு முன்னாலேயே, கடல்தான்க்கா என்று சொல்லிவிடுகிறான். ஏன் கேட்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. யோசித்தேன். யோசித்து ஒரு இடம்வரை போய்விட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

அழிகண்மாய்க்கு முந்தின நாள் ஊர் முழுக்க என் மில்லில்தான் நிற்கும். மீன் குழம்புப் பொடிக்கு. மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு, சீரகம், மிளகு, ஒரு துண்டு மஞ்சள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு, எங்கேயும் எதையும் மாற்றி அரைத்துவிடக்கூடாது. வாசல்வரை வரிசை நிற்கும். இந்த வருஷம், கிண்டலும் சிரிப்புமாக நிற்கிறவர்கள் என்னைப் பார்த்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். நான் தூக்குவாளிகளை வாங்கி வாங்கிக் கொட்டி அரைத்துக் கொடுப்பேன். எதற்கு என்று கேட்கமாட்டேன், அவர்களும் சொல்லமாட்டார்கள். பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாம். பூட்டினால் பக்கத்து ஊரில் அரைத்துக்கொள்வார்கள், பிடிப்பது என்னவோ பிடிப்பார்கள். மழை வந்தால்தான் உண்டு. ஒரு சித்திரை மழை, இடியோடு, இரண்டு ராத்திரி பெய்தால் கண்மாய் உள்வாயில் இடுப்பளவு ஏறிவிடும், ஆடி வரைக்கும் தாங்கும், ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். போன வருஷம் அப்படித்தான் வந்தது. எதற்காகத் தண்ணீர் வேண்டும் எனக்கு. வற்றினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன், மில்லில், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது. வற்றி, இறங்கி, தேடி, மரத்தடிகளில் அவன் இருந்தால், அத்தோடு முடிந்தது. வற்றி, இறங்கி, தேடி, அங்கே ஒன்றும் இல்லை என்றால், பஸ்ஸில்தான் போயிருக்கிறான். போய், எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, எங்களை ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் இருக்கிறான். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று சட்டென்று சொல்ல வேண்டும், சொல்வேன், ஆனால் அதற்குள் ஒரு விநாடி தயங்குவேன், அந்த ஒரு விநாடியை என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் கிடந்தால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். அந்தப் பெண் மறுபடி வந்துவிட்டாள், செய்திச் சுருக்கம் போல. இயல்பைவிடக் குறைவு. எதைக் கேட்டும் என்ன செய்ய முடியும், போய் மேகத்தைப் பிடித்து இழுத்து வரவா. ஒரு காலத்தில் அப்பா அதைப் போ போ என்று திட்டினார், அதுவும் அவர் சொல் கேட்டதில்லை.

வாசல் இருட்டியது, ஆள் நின்றதில். ராசாங்கம். அம்பலத்தின் தம்பி. கண்ணாடியின் ஓரத்தில் பாதி தெரிந்தான், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான், முடிதிருத்தும் கடைக்குள் யாரும் செருப்பை விட்டுவிட்டு வருவதில்லை. பெஞ்சில் இடம் விட்டார்கள். அவன் உட்காரவில்லை. மில்லுக்குப் போனேண்ணே, பூட்டியிருந்துச்சு என்றான். தனுஷ்கோடி என் ஒரு கன்னத்தை முடித்திருந்தான், இன்னொரு பக்கம் நுரை அப்படியே இருந்தது. கத்தியை எடுத்துத் துண்டில் துடைக்க ஆரம்பித்தான், தேவையில்லாமல், திரும்பத் திரும்ப. ராசாங்கம் முதலில் வெயிலைப் பற்றிச் சொன்னான், பிறகு பம்பு செட்டைப் பற்றி. அவன் எங்கே வருகிறான் என்று கடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டி.வி. சத்தத்தைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. பங்குனி கடைசியில் ஊர்க்கூட்டம் போடப்போகிறார்கள், அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அம்பலம் அனுப்பியிருக்கிறார். போன வருஷமே அழிக்க வேண்டியது, தண்ணி கெடக்கு கெடக்குன்னு சொல்லித் தள்ளிப் போட்டது உங்களை மனசுல வச்சுத்தான் என்றான். எனக்கு அது தெரியாது. மழை என்று நினைத்திருந்தேன். போன சித்திரையில் பெய்தது வெறும் தூறல்தான் போலிருக்கிறது. ஊர் முழுக்க எனக்காக அதைப் பெரிய மழை என்று வைத்துக்கொண்டிருக்கிறது. பாண்டிக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டுக்கு வீடு விரால் ஆசையோடு ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கிறார்கள். இந்த வருஷம் நாம அழிக்காட்டியும் அதுவா அழிஞ்சுரும்ணே, டி.வி.யில சொல்றாகள்ல, வைகாசியில சேறுதான் கெடக்கும், மீனெல்லாம் செத்து நாறும், என்றான் ராசாங்கம். சரிதான் என்று தலையாட்டினேன். தலை ஆடியதில் நுரை ஒரு சொட்டு மடியில் விழுந்தது. ஊர் விருப்பம், என்னைக் கேட்க என்ன இருக்கு என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. வேறு ஒன்று வாயில் வந்தது.

"வீட்டுல மட்டும் யாரும் சொல்லிற வேணாம். அவ அன்னைக்கு ஊர்ல இருக்க வேணாம், நான் எங்கயாவது கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். அவ தாங்கமாட்டா."

ராசாங்கம் தனுஷ்கோடியைப் பார்த்தான். தனுஷ்கோடி கத்தியைப் பார்த்தான்.

"மதினிதான்ணே வந்தாக," என்றான் ராசாங்கம். "இன்னைக்குக் காலையில. நீங்க மில்லுல இருந்திருப்பீக."

அவள் காலையில் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டுதான் போனாள். திரும்பி வந்தபோது பையில் சர்க்கரை இருந்தது, அதனால் ரேஷன் கடைக்கும் போயிருக்கிறாள். ராசாங்கம் சொல்லச் சொல்ல எனக்கு அவள் போன வழி தெரிந்தது, கடைக்குப் போகிற தெருவில் திரும்பாமல் நேரே போய், அம்பலம் வீட்டு வாசலில் செருப்போடு நிற்கக்கூடாது என்று கழற்றிவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு. உள்ளே வரச் சொன்னார்களாம், வரவில்லையாம். அழவெல்லாம் இல்லேண்ணே என்றான் ராசாங்கம், அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவன் போல. சும்மா வெலவாசி கேக்குற மாதிரித்தான் கேட்டாக. கண்மாய் எப்ப வத்தும், எப்ப அழிப்பீகன்னு. அம்பலம், ஒங்களைக் கேக்காம செய்யமாட்டோம்மா, நீ மனசை விட்டுறாத, ஆண்டவன் மழையைக் குடுப்பான்னு சொல்லியிருக்காக. அதுக்கு மதினி.

"என்ன சொன்னா?"

"மழை வேண்டாம்னு சொன்னாக. தண்ணி கெடக்கும்போதே அழிச்சுருங்க, சுத்தமா வத்திட்டா நாய் எறங்கிரும், அதுக்கு முன்னாடி மனுசங்க எறங்கட்டும்னாக."

டி.வி.யில் நகைக்கடை விளம்பரம் ஓடியது. யாரோ ஒரு பெண் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். கண்ணாடியில் என் முகம் பாதி வெள்ளையும் பாதி தோலுமாக இருந்தது, யாருடைய முகமோ போல. நான் வங்கக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து. நாய் என்று அவளுக்கு எப்போது தோன்றியது. ஒரே அறையில், ஒரே விசிறிக்குக் கீழே, அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு நாய் இறங்குவதை யோசித்திருக்கிறாள், நான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று யோசித்திருக்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு போனாளே. மில்லுக்காரகளுக்கு மழையில என்ன வேலை என்று கேட்டாளே. அன்று அவள் கேட்டது அதுதானா. சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லியிருக்கலாம். யார் யாரைக் காப்பாற்றிக்கொண்டு இத்தனை நாள் இருந்தோம். நெஞ்சுக்குள் ஏதோ சேற்றில் கால் புதைவது போல மெதுவாக இறங்கியது, வலி என்று சொல்ல முடியாது, வெறும் இறக்கம், அடி எங்கே இருக்கிறது என்று தெரியாத இறக்கம்.

ராசாங்கம் முடிக்கவில்லை. இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் அவன் செருப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறான். துண்டு வீசுவதற்கு முன்னால் தன்னை இறங்க விட வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். சனம் இறங்கிக் கலக்கிவிட்டால் பிறகு எதுவும் தெரியாது, அதற்கு முன்னால் தான் ஒரு தடவை அந்த மரங்கள்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். ஊர் தோன்றிய நாளிலிருந்து துண்டு வீசாமல் ஒருவர் காலும் பட்டதில்லை. ஆனாலும் அம்பலம் சரி என்று சொல்லிவிட்டாராம். விடியும் முன்னால் ஒன்றும் வேண்டாம், நல்ல வெளிச்சம் வந்ததும் இறங்கட்டும், எவ்வளவு நேரமானாலும் ஊர் கரையில் நிற்கும் என்றாராம். ஆனால் ஒத்தையாக விடமுடியாது.

"நீங்களும் கூட எறங்கணும்ணே. அம்பலம் கேட்டுட்டு வரச் சொன்னாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நேராக அல்ல, கண்ணாடி வழியாக. பேப்பர் இப்போது செல்லையாவின் மடியில் இருந்தது. ஒரு வார்த்தைதான், சரி என்றால் முடிந்தது. தனுஷ்கோடி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே மில்லுக்கு வெளியே இருந்து கேட்பது போல இருந்தது. ராசாங்கம் பாண்டிக்கண்ணுவைப் பார்த்தான், தண்ணீர் விஷயம் அவனுடையது. இப்ப இருக்கிற வெயிலுக்கு முழங்கால்தான் மாமா, என்றான் பாண்டிக்கண்ணு, மரத்துக்கிட்ட மட்டும் கொஞ்சம் பள்ளம், அங்கயும் இடுப்புக்கு மேல வராது.

முழங்கால். சரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வாள்.

"அவளுக்கு நீச்சல் தெரியாது," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாண்டிக்கண்ணுகூட.